இடம் மாறிய மச்சம்

சுவரில் தொங்குகிற சித்திரத் திரையைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அதை எந்தப் பக்கத்திலிருந்து நெய்தார்கள் என்று கேட்டவர் ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. கேட்டால்தானே தெரியும்! நெய்கிறவள் கண்ணுக்கு முன்பக்கம் தெரியவே தெரியாது. அது தரையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் முடிச்சும் பிசிறும் தொங்குகிற பின்பக்கம்தான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அடியில் முழு அளவுப் படத்தை வைத்துக்கொண்டு, அதைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கலர் கலராகக் கம்பளி நூலைக் கோத்துச் சீப்பால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நெய்த வரைக்கும் உருளையில் சுருண்டு போய்விடும். எல்லாம் முடிந்து தறியிலிருந்து அறுத்துப் புரட்டினால் இடது வலதாகியிருக்கும், வலது இடதாகியிருக்கும். அதனால் படத்தை முதலிலேயே திருப்பி வரைந்துகொண்டுதான் தறியில் வைக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தில்தான் அத்தனை கூத்தும் நடந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அந்தத் திருப்புகிற வேலை நம் தறிக்காரியுடையது. அவள் புருஷன் ஓவியர். பெரிய கை என்று ஊரில் பேர். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. அவர் படத்தை வரைந்து மேஜைமேல் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். இவள் அதைத் துண்டு துண்டாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெயில் அடிக்கிற நேரமாகப் பார்த்து, தாளின் பின்பக்கத்தில் கோட்டுக்குக் கோடு இழுத்துத் திருப்புவாள். கழுத்து ஒடிந்துவிடும். ஆனால் அப்படி ஒரு வேலை நடக்கிறது என்பதே அவருக்கு மறந்து போய்விட்டது. அலமாரியில் சட்டை மடித்து வைத்திருக்கிறதே, அது தானாக மடித்துக்கொண்டதா என்று எந்த ஆம்பிளை நின்று யோசித்தான்? அவருக்குப் படம் வரைந்தால் திரை வந்துவிடும். திரைக்குக் கீழே பித்தளைத் தகட்டில் அவர் பேர் வந்துவிடும். நடுவில் நடப்பதெல்லாம் காற்று.

துறைமுக அலுவலகத்தின் புது மண்டபத்துக்கு ஒரு திரை வேண்டும் என்று ஆர்டர் வந்தது. பட்டறை அதுவரை பார்த்ததிலேயே பெரிய வேலை. மொட்டை மாடியில் ஒரு பெண் நிற்கிறாள், பின்னால் துறைமுகம் முழுக்கத் தெரிகிறது, கப்பல்கள், பாரந்தூக்கிகள், வலது கைப் பக்கம் கலங்கரை விளக்கம். ஓவியருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாரம் தவறாமல் துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார்.

"எங்க?" என்று கேட்டால், "அளவு எடுக்க" என்பார்.

"அந்தச் சுவர் என்ன, வாரா வாரம் வளருதா?" என்று சாயக்காரர்கூட ஒரு தடவை கேட்டார். நூலுக்குச் சாயம் போடுகிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். தறிக்காரியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

படம் முடிந்த அன்று தறிக்காரி வழக்கம்போலக் கையை நீட்டினாள். "குடுங்க."

ஓவியர் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேணாம். இதுல கை வைக்காதே. இந்தத் தடவை நானே தறியில வச்சுக்கிறேன். நீ நெய்யிற வேலையை மட்டும் பாரு."

இது என்ன புதுப் பழக்கம் என்று அவள் முழித்தாள். மனுஷன் முட்டிக்கால் போட்டுத் தறிக்கு அடியில் நுழைந்து, மூச்சு வாங்க வாங்க, சுருளை மாட்டி, முதல் ஒரு முழத்தை மட்டும் பாவுக்கு அடியில் இழுத்து விட்டார். திரை குறுக்குவாட்டில் நெய்யப்படுவது. ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரத்துக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் தெரிந்தது கலங்கரை விளக்கம். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, படம் திருப்பப்படவில்லை. ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதே பக்கம் விளக்கு நிற்கிறது. இதை இப்படியே நெய்து புரட்டினால் துறைமுகமே தலைகீழாக அல்ல, பக்கம் மாறிப் போய்விடும்.

"ஏங்க, இந்தப் படம்..."

"படத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

சாயக்காரர் பக்கத்தில் நிற்கிறார். அவர் எதிரிலேயே கேட்டார். கல்யாணத்திலிருந்து அவர் போட்ட ஒவ்வொரு கோட்டையும் திரும்பப் போட்டவளைப் பார்த்துக் கேட்டார். அவளுக்குச் சுரீர் என்றது. சரிதான் போ, ஒரு நாள் கிடந்து தவிக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வெறும் ரோஷம். கொஞ்சம் நெய்துவிட்டாலும் பிரித்துக்கொள்ளலாம்.

மறுநாள் அவர் அளவு எடுக்கப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் சொல்ல வாய்க்கவில்லை. அவ்வப்போது தறிப் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார். பின்பக்கத்தில் விளக்கு வலது கையில் நிற்கும். "அப்படியே என் படம் மாதிரியே வருதே!" என்று சந்தோஷமாகப் போய்விடுவார். அப்படியே வரக் கூடாது என்பதுதானய்யா விஷயம்!

அப்புறம் ஒரு நாள் சாயக்காரர் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கட்டுக் கம்பளி நூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இது நல்லா இருக்கா, நீயே சொல்லு. முகத்துக்கு எப்பவும் ஒரே சாயம்தானே போடுவோம்? ராஜாவுக்கும் அதுதான், மூட்டை தூக்குறவனுக்கும் அதுதான். உங்க வீட்டுக்காரர் இந்தப் பொம்பளை கன்னத்துக்கு மட்டும் என்னைச் சாகடிக்கிறார். கொஞ்சம் மஞ்சள் கூட்டுங்கறார். கூட்டினா, இல்ல, வெயில்ல நின்ன மாதிரி இருக்கணுங்கறார். நேத்து என்ன சொன்னார் தெரியுமா? காதுக்குக் கீழ மட்டும் நிறம் ஒரு மாத்துக் குறைவா வேணுமாம். காதுக்குக் கீழ!"

சொல்லிவிட்டுத்தான் சாயக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தறிக்காரி நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழகான நிறம். பொய் சொல்ல முடியாது.

"நல்லாத்தாண்ணே இருக்கு" என்றாள்.

அந்தக் காதுக்குக் கீழே உள்ள இடம் அடுத்த வாரமே நேரில் வந்தது. துறைமுகத் தலைவரின் செயலாளராம், வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தாளாம். ஓவியர் கதவு வரைக்கும் ஓடிப்போய் அழைத்து வந்தார். நல்ல உயரம். தலைக்கு இடது பக்கம் வகிடு. மேலுதட்டுக்கு மேலே, இடது பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒரு மச்சம். சாயக்காரர் அவளுக்கு அன்றைக்கே "அளவுக்காரி" என்று பேர் வைத்துவிட்டார். அந்தப் பேரைக் கேட்டுத் தறிக்காரி சிரிக்கவில்லை.

"அக்கா, இது என்னக்கா, வெறும் நூலாத் தொங்குது, எனக்கு ஒண்ணுமே புரியலையே" என்றாள் அளவுக்காரி, தறியைக் குனிந்து பார்த்து. அக்காவாம்! அவள் குனிந்தபோது கூந்தல் ஒதுங்கியது. காதுக்குக் கீழே நிஜமாகவே ஒரு மாத்துக் குறைவாகத்தான் இருந்தது.

"அறுத்துப் புரட்டினாத்தான் புரியும்" என்றாள் தறிக்காரி.

அன்றைக்கு ஓவியர் ஊரைச் சுற்றப் போனதும் அவள் ஒரு காரியம் செய்தாள். தறிக்கு அடியில் கையை விட்டுச் சுருளைத் தளர்த்தி, இரண்டு முழம் இழுத்துப் பார்த்தாள். படுத்த வாக்கில் ஒரு முகம் வந்தது. வகிடு, புருவம், மச்சம். ஒரு புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கியிருந்தது, யாரையோ கேலி செய்யப் போகிற மாதிரி. புருஷன் இத்தனை வருஷத்தில் வரைந்த முகங்களை எல்லாம் அவள் கை அறியும். எல்லாம் ஒரே அச்சு. இதை மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் முகம் முழுசாக எதிரே வந்து நிற்குமே, அதற்குப் பயந்துதான் மனுஷன் முட்டி தேயத் தறிக்கு அடியில் நுழைந்திருக்கிறார். மறைக்கிற அவசரத்தில் திருப்புகிற வேலை ஒன்று இருப்பதே அவர் புத்தியில் இல்லை.

சாப்பாடு போடும்போது கேட்டாள். நேராகவே கேட்டாள். "அந்தப் படத்துல நிக்கிற பொண்ணு யாருங்க?"

"யாருமில்ல. கற்பனை."

"கற்பனைக்கு மச்சம் எதுக்கு?"

"ஓவியம்னா அப்படித்தான். உனக்குச் சொன்னாப் புரியாது. தண்ணி எடு."

அவள் தண்ணீர் எடுத்து வைத்தாள். ஒன்று மட்டும் சொல்கிறேன், அப்போதுகூட அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் இவள் அழுதிருப்பாள், பாத்திரத்தை வீசியிருப்பாள், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள், அப்புறம் படம் திருப்பாமல் கிடக்கிற விஷயத்தையும் சொல்லியிருப்பாள். தொழில் தொழில்தானே. கற்பனை என்று காதில் பூச் சுற்றினார் பாருங்கள், அந்த இடத்தில் அவள் முடிவு செய்துவிட்டாள். சொல்லப் போவதில்லை. துறைமுகத்துக்காரர்கள் தினம் பார்க்கிற துறைமுகம் அது. குருட்டுக் கண்ணுக்கும் தெரியும் விளக்கு எந்தப் பக்கம் என்று. பெரிய மனுஷர்கள் எல்லாம் கூடி நிற்கும்போது, அந்த மச்சக்காரியும் நிற்கும்போது, இவர் முகத்தில் கரி பூச வேண்டும். வேலை போனால் போகட்டும். தன் உழைப்பும் சேர்ந்துதான் குப்பைக்குப் போகும் என்று தெரியாதவளா? தெரியும். போகட்டும் என்றுதான் உட்கார்ந்தாள்.

முகத்துக்கு வந்தபோதுதான் வினை. மட்டமாக நெய்துவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. மூக்கைக் கொஞ்சம் சப்பையாக்கி, கண்ணைக் கொஞ்சம் மாறு கண்ணாக்கி. உட்கார்ந்து பார்த்தாள், கை கேட்கவில்லை. பாழாய்ப்போன கை! சாயக்காரர் போட்டுத் தந்த நூல் அத்தனையும் சரியான இடத்துக்குத் தானாகப் போய் உட்கார்ந்தது. கன்னத்து வெயில், காதுக்குக் கீழ் நிழல், கேலிப் புருவம். புருவம் சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை பிரித்து நெய்தாள். யாருக்காகப் பிரித்தாளோ! "இவ முகரையைப் போய் இப்படிக் கொஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேனே" என்று தலையில் அடித்துக்கொள்வாள், அடித்துக்கொண்டே மறுபடியும் குனிவாள். மாசக் கணக்காக, காலையில் எழுந்தால் அந்த முகம், கண்ணை மூடினால் அந்த முகம். புருஷன்கூட அந்த முகத்தை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். மச்சத்தை நெய்தபோது மட்டும் ஒரு சின்ன சந்தோஷம். உன் மச்சத்தையும் இடம் மாத்திட்டேன் போடி என்று மெல்லச் சொன்னாள்.

அறுக்கிற நாள் வந்தது. திரையைத் தறியிலிருந்து அறுக்கும்போது ஆர்டர் கொடுத்தவர்களைக் கூப்பிடுவது பட்டறை வழக்கம். அன்றைக்குத்தான் முன்பக்கத்தை எல்லாருமே முதல் தடவையாகப் பார்ப்பார்கள். துறைமுகத் தலைவர் வந்தார். அலுவலர்கள் வந்தார்கள். ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவரை மரியாதைக்காக அழைத்து வந்திருந்தார்கள், அவர் வந்ததிலிருந்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அளவுக்காரி புதுச் சேலையில் வந்து ஒரு ஓரமாக நின்றாள். ஓவியர் இஸ்திரி போட்ட சட்டையில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். யார் போட்ட இஸ்திரி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? தறிக்காரி தறிக்குப் பின்னால் நின்றாள்.

தலைவர் கத்தரியை வாங்கிப் பாவு நூலை அறுத்தார். ஆட்கள் திரையைப் புரட்டி, மேல் கட்டையில் மாட்டி, கயிற்றை இழுத்து ஏற்றினார்கள்.

ஒரு சின்ன வயசு அலுவலர் கையை நீட்டினார். "சார், லைட்ஹவுஸ் அந்தப் பக்கம்ல இருக்கணும்?"

"ஆமா," என்றார் இன்னொருத்தர். "பாரந்தூக்கியும் இடம் மாறியிருக்கு. துறைமுகமே திரும்பிக் கிடக்கு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவரின் முகம் சுருங்கியது. ஓவியர் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் மெல்லத் திரும்பித் தறிக்காரியைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஜன்னல் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டு என்ன செய்தாள் என்று அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள் என்று நின்றாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று.

"யார்ரா அது, தப்புன்னு சொன்னது?"

கேப்டன் முழித்துக்கொண்டார். தடியை ஊன்றி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "ஆயுசு பூரா இந்தத் துறைமுகத்துக்குள்ள கப்பலைக் கொண்டு வந்தவன் நான். கடல்லேர்ந்து வர்றவனுக்கு விளக்கு இடது கைப் பக்கம்தான்டா தெரியும். நீங்கள்லாம் கரையில உட்கார்ந்து பார்க்கிற ஆளுங்க. இது வீட்டுக்குத் திரும்பி வர்றவன் பார்க்கிற துறைமுகம்."

கடலிலிருந்து பார்த்தால் மாடியில் நிற்கிறவளின் முதுகல்லவா தெரியும் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேப்டனிடம் கேட்க எவனுக்கு வாய் வந்தது? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதானே!" என்று தலைவர் கையைத் தட்டினார். தலைவர் தட்டினால் எல்லாரும் தட்ட வேண்டியதுதானே. தட்டினார்கள். சற்று முன் கையை நீட்டிய சின்ன வயசுக்காரர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

ஓவியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுதாங்க என் யோசனையே" என்றார். "கரையிலேர்ந்து யார் வேணும்னாலும் வரைஞ்சிடலாம். வேணும்னேதான் திருப்பினேன்."

தறிக்காரி தறிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பெரிய மனுஷர்கள் முன்னால் அவள் பேசினதே கிடையாது. "இல்லைங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அவர் படத்தைத் திருப்ப மறந்துட்டார். எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம நெய்தேன்."

சாயக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் அவளைப் பார்த்தார், ஓவியரைப் பார்த்தார், அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார். "சரியான ஆளுய்யா உங்க வீட்டம்மா! புருஷன் காலை வாரிவிடுறதுக்கு நேரம் பார்த்திருக்காங்க பாருங்க!" எல்லாரும் சிரித்தார்கள். ஓவியரும் சிரித்தார், அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர்களைக் காபிக்கு வீட்டுப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அளவுக்காரி மட்டும் போகவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை. திரைக்கு முன்னால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வகிட்டைத் தொட்டுப் பார்த்தாள். மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். உன்னையாவது உறுத்துகிறதா, சொல்லடி, என் மச்சம் இடம் மாறிவிட்டதே என்று நீயாவது கத்தடி என்று தறிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

திரும்பியபோது அளவுக்காரியின் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, போட்டோவுல என்னைப் பார்த்தா எனக்கு யாரோ மாதிரி இருக்கும். அவர் வரைஞ்சு காட்டினாரே, அதுலகூட நான் இல்லக்கா. நல்லா இருக்குன்னு வாய்க்குச் சொல்லிட்டேன். ஆனா இது... காலையில கண்ணாடி முன்னால நின்னா எனக்குத் தெரியிற முகம் இதுதான். மச்சம்கூட அதே பக்கம். இந்த முகத்தை என்னைத் தவிர யாரும் பார்த்ததே இல்லக்கா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தறிக்காரியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நூல் இழுத்து இழுத்துக் காய்ப்பு விழுந்த கை. ஈரம் பட்டது. "ரொம்ப நன்றிக்கா" என்றாள்.

சொல்வதற்குத் தறிக்காரியிடம் வண்டி வண்டியாக இருந்தது. குடிகெடுத்தவளே என்று சொல்லலாம். உன்னையும் அவனையும் ஊர் சிரிக்க வைக்கத்தான் இதை நெய்தேன் என்று சொல்லலாம். கையை உதறியாவது விட்டிருக்கலாம். ஆனால் தறிக்காரி நெய்ததைப் பார்த்துவிட்டு அவளிடமே வந்து நன்றி சொன்ன முதல் ஆள் இந்த அளவுக்காரிதான். மனசு, மானங்கெட்ட மனசு, அந்த ஒரு வார்த்தைக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

அளவுக்காரி தலையை ஆட்டினாள்.

"புருவம்தான் என்னைக் கொஞ்சம் படுத்திடுச்சு" என்றாள் தறிக்காரி. "ரெண்டு தடவை பிரிச்சு நெய்தேன்."